மூடியின் மேல் ஒரு கியூட்டெக்ஸ் கோடு

அத்தியாயம் 9

"நாலு மணிக்குள்ளை கையெழுத்து வைக்கட்டாம். வைக்கமாட்டன்."

ஜெயகௌரி இதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள். பிளேஸ்டோவின் ஒரு பின்தெருவில், ரயில் பாதைக்குக் கீழே, வானை நிறுத்திவிட்டு மூவரும் உள்ளே இருந்தார்கள். எதிரே குகநாதனின் குளிர்க் களஞ்சியம். அதன் கதவைத் தாண்டி வரக்கூடாது என்று, அங்கே குளிர்ச் சாதனங்களைத் திருத்த வந்த ஜெயகௌரிக்குப் பத்து நாளாகத் தடை.

ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கிளறிற்றா, குகநாதன் எழுதித் தந்த கடிதத்தை மறுபடி வாசித்தாள். இரண்டே வரி. பூ அறையின் வால்வைப் பிழையாக அமைத்தது நான்தான். அதனால்தான் கோயில் தேருக்கு வந்த மாலைகள் உறைந்து கருகின. கீழே ஜெயகௌரியின் பெயர். அதற்கு மேலே ஒரு வெற்றிடம்.

"வைச்சால் என்ன, வைக்காட்டில் என்ன?" என்று கிளறிற்றா கேட்டாள்.

"வைச்சால் கொம்பனி சத்தமில்லாமல் வீட்டை அனுப்பும். வைக்காட்டில் என்ரை காஸ் கார்ட்டைப் பறிக்கச் சொல்லி எழுதும். கார்ட் இல்லாமல் இந்த நாட்டிலை ஒரு பிரிட்ஜ் குழாயையும் தொடேலாது. வைச்ச ஆளுக்கும் பிறகு ஆர் வேலை குடுப்பினம்? ரெண்டுக்கும் ஒரே முடிவெண்டால் நான் ஏனக்கா பொய்யிலை கையெழுத்து வைப்பான்?"

பின் சீட்டில் ரங்கராஜன் வாய் திறக்கவில்லை. கப்பல்களின் குளிர் அறைகளோடு இருபத்தாறு வருடம் மல்லுக்கட்டி, பிறகு லண்டனுக்கு வந்து, லூயிஷாமில் ஒரு துணிக்கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தவர் அவர். அவருடைய மௌனங்களை உதவியாளர் கிளறிற்றா வகை பிரித்து வைத்திருந்தாள். பசி மௌனத்தில் வெளியே பார்ப்பார். கோப மௌனத்தில் தரையைப் பார்ப்பார். எதையாவது பிடித்துவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு விளங்குற மாதிரி ஒருக்கால் சொல்லுங்கோ, ஜெயகௌரி. சேருக்கு உதெல்லாம் தெரியும். எனக்குப் பிரிட்ஜைத் திறக்கவும் மூடவும் மட்டும்தான் தெரியும்."

"உள்ளுக்கை ரெண்டு அறை, ஒரு கம்பிரசர். மீன் அறைக்கு மைனஸ் பதினெட்டு வேணும். பூவும் வெத்திலையும் இருக்கிற அறைக்கு அஞ்சு, ஆறு காணும். கம்பிரசருக்கு இது மீன், இது பூ எண்டு தெரியுமே? எல்லாத்தையும் ஒரே இழுவை இழுக்கும். பூ அறைக் குழாயிலை இந்த வால்வு நிண்டு, அழுத்தத்தை ஒரு அளவுக்குக் கீழை இறங்க விடாமல் பிடிக்கும். அழுத்தம் இறங்காட்டில் குளிரும் இறங்காது. நான் பூச்சியம் டிகிரியிலை பிடிச்சு வைச்சனான். குழாயே பூச்சியத்துக்குக் கீழை போகாதெண்டால் அறை எப்பிடிப் போகும்?"

"பள்ளிக்கூட வாசலிலை தடியோடை நிண்டு காரை மறிக்கிற மனிசி மாதிரி."

"ஓம். அந்த அறையிலை தெர்மோஸ்டாட்டும் பழுது. மாத்துங்கோ எண்டு ரெண்டு தரம் எழுதிக் குடுத்தன். மாத்தேல்லை. அப்ப முழுப் பாரமும் அந்த மனிசியின்ரை தலையிலைதான்."

"யாராவது அதைத் திருப்பியிருந்தா?" ரங்கராஜன் முதல்முறையாகப் பேசினார். "எப்படித் தெரியும்?"

ஜெயகௌரி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். சிவப்புக் கியூட்டெக்ஸ். "செற் பண்ணி முடிய, மூடியைப் பூட்டி, மூடியிலையிருந்து வால்வின்ரை உடம்புக்கு ஒரு கோடு கீறுவன். மூடியைத் திறந்தால் கோடு வெடிக்கும்."

கிளறிற்றா அவளுடைய கைகளைப் பார்த்தாள். ஒரு நகத்திலும் பூச்சு இல்லை. "வால்வுக்கெல்லாம் பூசுறியள், உங்களுக்கு ஒரு சொட்டும் இல்லையோ?"

"ஸ்பானர் பிடிக்கிற கையிலை ஒரு நாளும் நிக்காதக்கா. வால்வாவது வடிவாய் இருக்கட்டும்."

கிளறிற்றாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கோடு வெடித்திருக்க வேண்டும். வேறு யாரோ திருப்பியிருக்க வேண்டும். அந்த யாரோவைப் பிடித்தால் நாலு மணிக்கு முன் கதை முடிந்துவிடும். மணி ஒன்றே முக்கால். ஜெயகௌரியின் அழுத்தம் அளக்கும் கேஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் ரங்கராஜனுக்கு முன்னால் நடந்தாள்.

*

குகநாதன் வாசலிலேயே நின்றார். ஐம்பத்தைந்து வயது, நெற்றி நிறைய விபூதி, சுவிசில் பத்து வருடம் உழைத்துவிட்டு இங்கே வந்து கடை போட்டவர். எதிரியின் ஆட்கள் என்று தெரிந்தும் தேநீரும் மரக்கறி ரோல்சும் வரவழைத்தார்.

"சாப்பிடுங்கோ. அந்தப் பிள்ளையிலை எனக்குக் கோபமில்லை. பிழை விட்டால் ஒத்துக்கொள்ளவேணும். அவ்வளவுதான்."

"ரோல்ஸ் நல்லாயிருக்கு அண்ணை," என்றாள் கிளறிற்றா. "மீன் களஞ்சியத்திலை மரக்கறி ரோல்சோ?"

"பூ அறை இருக்கிற கட்டடத்திலை நான் மச்சமாமிசம் சாப்பிடமாட்டன், தங்கச்சி. இங்கை எல்லாம் ரெண்டு. ரெண்டு கதவு, ரெண்டு ட்ரொலி. நீலம் மீனுக்கு, மஞ்சள் பூவுக்கு. கையுறையும் வேற. மீன் தொட்ட கை பூவைத் தொடாது. பதினாலு வருஷமாய்க் கோயிலுக்குப் பூக் குடுக்கிறன். ஒருத்தர் ஒரு சொல்லுச் சொன்னதில்லை."

அவர் பொய் சொல்லவில்லை என்று கிளறிற்றாவுக்குப் பட்டது. குருநகரில் மீன்பிடிகாரர் வீட்டில் பிறந்தவள் அவள். மீன் மணம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். இங்கே அது நடுச்சுவரோடு நின்றது.

அலுவலகச் சுவரில் ஒரு பெரிய படம் புதுச் சட்டத்தில் தொங்கியது. பல்லக்கில் பூப்புனித நீராட்டுக் கோலத்தில் பட்டுச்சேலையோடு ஒரு சின்னப்பெண், பக்கத்தில் ஏழு தட்டுக் கேக், மேலே பொன் எழுத்தில் துஷ்யா என்ற பெயரும் திகதியும்.

"மகளின்ரை சாமத்தியவீடோ அண்ணை? கேக் பிள்ளையை விட உயரமாய் நிக்குது! உதை எந்தப் பிரிட்ஜுக்குள்ளை அடைச்சனீங்கள்?"

குகநாதன் கோப்பையை மேசையில் வைத்தார். "கேக் செய்தவ நேரை மண்டபத்துக்குக் கொண்டுவந்தவ."

ரங்கராஜன் படத்தின் முன்னால் தேவைக்கு அதிகமாக நின்றார். சர்க்கரை வியாதிக்காரரின் ஏக்கம் என்று கிளறிற்றா நினைத்தாள்.

குகநாதன் மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். "இதைப் பாருங்கோ. பூப்பெட்டிக்குள்ளை நான் எப்பவும் ஒரு கருவி போடுறனான். வெப்பநிலையைத் தானே பதியும். வெள்ளிக்கிழமை காலமை வரைக்கும் ஆறு டிகிரி. பதினொண்டரைக்கு விழுந்தது. மைனஸ் பதினெட்டு. பின்னேரம் ஆறரைக்குத்தான் நான் கண்டனான். மாலை எல்லாம் கண்ணாடி மாதிரி. இளக இளகக் கறுத்துப்போச்சு. விடிஞ்சால் தேர். நான் கோயிலுக்கு என்ன சொல்லுவன்?"

தாளில் கோடு ஆறிலிருந்து சறுக்கி, கீழே போய், அங்கேயே நேராகக் கிடந்து, மாலையில் மேலே ஏறியது.

"வால்வு முழுக்கத் திறந்து கிடந்தால் பூ அறையும் மீன் அறை மாதிரித்தான் குளிரும். சரியோ, பிழையோ?"

"சரி," என்றார் ரங்கராஜன்.

கிளறிற்றா அவரை முறைத்தாள். நாங்கள் எந்தப் பக்கம்?

*

இயந்திர அறையில் கம்பிரசர் உறுமியது. வெள்ளைக் காப்புச் சுற்றிய குழாயின் நடுவே, ஒரு முழு எலுமிச்சங்காய் அளவில் பித்தளை வால்வு. அதன் தலையில் மூடி. மூடியிலிருந்து உடம்புக்கு ஒரு சிவப்புக் கோடு.

கிளறிற்றா குனிந்து பார்த்தாள். கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். விரல் நுனியால் தடவினாள். ஒரு கீறல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. மேலே மறுபடி பூசிய தடிப்பும் இல்லை. கோடு சிரித்துக்கொண்டிருந்தது.

"நான் சொன்னனான்," என்றார் குகநாதன். "அவவுக்குப் பிறகு ஒருத்தரும் தொடேல்லை. அவவின்ரை கோடே சாட்சி."

வேறு கை படவில்லை என்றால் ஜெயகௌரியின் கைதான். தன் நேர்மைக்கு அவள் வைத்த அடையாளமே அவள் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது.

"மிஸ்டர் குகநாதன்," என்றார் ரங்கராஜன். "இப்ப சொன்னீங்களே, அதை எழுதிக் குடுப்பீங்களா? அந்தப் பொண்ணு செட் பண்ணின நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் இந்த மூடியை யாரும் திறக்கலை. இந்த நேரம் வரைக்கும்."

"ஏன் எழுதமாட்டன்?"

"சேர்!" கிளறிற்றா அவர் முழங்கையைப் பிடித்து ஒதுக்கினாள். "கயித்தை அந்தாள் கொண்டுவந்தார். முடிச்சை நீங்கள் போட்டுக் குடுக்கிறியளோ?"

"நீங்க பூ அறையைப் போய்ப் பாருங்க, கிளறிற்றா. தரையைப் பாருங்க."

"தரையிலை என்ன இருக்கும்?"

"தெரிஞ்சா நானே போவேன்ல?"

அவள் கோபத்தோடு போனாள். பூ அறை ஒரு குளியலறையை விடக் கொஞ்சம்தான் பெரிது. வெற்றிலைக் கட்டுகள், வாழையிலை, புதிதாக வந்த இரண்டு பெட்டி மல்லிகை. மீன் மணம் மருந்துக்கும் இல்லை. முழங்காலில் நின்று, மூலை மூலையாகப் பார்த்து, கதவின் இறப்பர் விளிம்புக்குள் மாட்டிக்கிடந்த ஒரே ஒரு பொருளைக் கண்டெடுத்தாள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளி உருண்டை. மாலையில் கோர்த்த மணியாக்கும். தேர்க்கால் வேண்டியவருக்குக் கடையாணி கிடைத்த மாதிரி என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பினாள்.

குகநாதன் எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தார். ரங்கராஜன் தாளை மடித்து உள்பையில் வைத்துவிட்டு, உருண்டையை வாங்கி, ஒரு கணம் பார்த்து, வாயில் போட்டுக் கடித்தார். அது கற்கண்டு போல நொறுங்கியது.

"சேர்! உங்களுக்குச் சுகர்!"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

*

வால்வின் பக்கத்தில், மூடிக்குச் சம்பந்தமில்லாமல், கேஜ் பூட்ட ஒரு சின்ன வாய் இருந்தது. ரங்கராஜன் கேஜின் குழாயை அதில் திருகினார். சிவப்புக் கோடு அசையவில்லை.

"என்ன செய்யிறியள்?" என்றார் குகநாதன்.

"வால்வு எங்க பிடிச்சு நிக்குதுன்னு அதையே கேக்கறேன். அறையைக் கொஞ்சம் குளிர விடுவோம். கதவைத் திறக்காதீங்க."

கேஜின் வட்டத்துக்குள்ளே அழுத்தத்துக்கு ஏற்ற வெப்பநிலையும் எழுதியிருந்தது. ஊசி ஐந்தில் நின்றது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிளறிற்றா வாழ்க்கையில் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது பூசையில்கூட இல்லை. ஊசி நாலுக்கு வந்தது. மூன்று. குகநாதன் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறினார். இரண்டு. ஒன்று. மணி மூன்றைத் தாண்டியது. ஊசி பூச்சியத்தைத் தொட்டது.

அங்கேயே நின்றது. கம்பிரசர் இழுத்தது. ஊசி நகரவில்லை. இன்னும் பத்து நிமிடம் இழுத்தது. நகரவில்லை.

"அப்ப வால்வு சரிதான்," என்றாள் கிளறிற்றா மெதுவாக. பிறகு சத்தமாக, "சேர், வால்வு சரி!"

"இன்னிக்குச் சரி," என்றார் குகநாதன். "அண்டைக்கு..."

"அன்னிக்கும் சரி." ரங்கராஜன் உள்பையைத் தட்டினார். "மூடியை யாரும் திறக்கலைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. திறக்காம இதைத் திருப்ப முடியாது. இன்னிக்குப் பூச்சியம்னா அன்னிக்கும் பூச்சியம். இந்த அறை மைனஸ் பதினெட்டுக்குப் போயிருக்கவே முடியாது."

"அப்ப என்ரை கருவி பொய் சொல்லுதோ?"

"இல்லை. அதுவும் உண்மைதான் சொல்லுது. அதான் சங்கடம்." அவர் தாளை விரித்து, கீழே கிடந்த நேர்கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "பழுதான அறை இப்படி இருக்காது. ஏறும், இறங்கும், தள்ளாடும். இது மைனஸ் பதினெட்டுக்கு வந்து அங்கேயே சமர்த்தா உக்காந்திருக்கு. இந்தக் கட்டடத்துல அப்படி உக்காரத் தெரிஞ்ச அறை ஒண்ணுதான் இருக்கு."

கிளறிற்றா நடுச்சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்தை நினைத்தாள். கை தானாக வாயைப் பொத்தியது.

"கருவி பெட்டிக்குள்ள இருந்தது. பெட்டி எங்க போச்சோ அங்க அதுவும் போச்சு," என்றார் ரங்கராஜன். "பூ அறை உறையலைங்க. பூதான் அறை மாறிச்சு. ஏன்னு கேட்டேன். பதில் இனிப்பா இருந்தது. கேக் மேல தூவுற வெள்ளி உருண்டை. படத்துல இருக்கற தேதியும் அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள்தான். அவ்வளவு உயரக் கேக்கை எந்தப் பிரிட்ஜுக்குள்ள வெச்சீங்கன்னு என் உதவியாளர் வந்ததுமே கேட்டாங்க. நீங்கதான் உண்மையைச் சொல்லலை."

"பகிடிக்குத்தானே கேட்டனான்," என்றாள் கிளறிற்றா.

குகநாதன் ஒரு வெறும் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"என்ரை மனிசி சுசிலா சொன்னவ, கேக்கிலை வெத்திலை மணம் ஏறுமெண்டு. அறையிலை இடமும் காணாது. கேக் வந்து நிக்குது. அரை மணித்தியாலத்துக்கெண்டு நான்தான் எல்லாத்தையும் மீன் பக்கம் தள்ளினன். மஞ்சள் ட்ரொலியிலைதான் தள்ளினன்." அந்த ஒன்றையாவது சரியாகச் செய்ததுபோல் அவர் குரல் கெஞ்சியது. "பிறகு மேளகாரர் போன், சோடனைக்காரர் போன், மண்டபத்துச் சாவி... மறந்துபோனன். கறுத்த மாலை ஒண்டும் கோயிலுக்குப் போகேல்லை, தங்கச்சி. சத்தியமாய்ப் போகேல்லை. எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டன்."

"ஆனால் பழியை எறியேல்லை. அதை ஆளின்ரை தலையிலை வைச்சிட்டியள்," என்றாள் கிளறிற்றா.

இந்தமுறை அவள் பகிடி விடவில்லை. வெளியே போய் வானின் கதவைத் திறந்தாள். "இறங்குங்கோ ஜெயகௌரி. உங்கடை தடை முடிஞ்சுது."

*

மூன்று இருபத்தைந்து. ஜெயகௌரி இயந்திர அறைக்குள் வந்ததும் குகநாதனைப் பார்க்கவில்லை. நேரே வால்வுக்குப் போய்க் கோட்டைப் பார்த்தாள். ஊசியைப் பார்த்தாள். பிறகுதான் திரும்பினாள். கிளறிற்றா நாலு வசனத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"பிள்ளை," என்றார் குகநாதன். "உங்கடை கொம்பனிக்கு நான் இப்பவே எழுதுறன். வால்வு தன்பாட்டிலை பழுதாப்போச்சு, உங்களிலை பிழையில்லை எண்டு. உங்கடை கார்ட் தப்பும். மற்றதை விடுங்கோ. சாமிக்குப் போற பூவை மீனோடை வைச்சவன் எண்டு தெரிஞ்சால் நான் இந்த லண்டனிலை தலை நிமிர்த்தி நடக்கேலுமோ? பதினாலு வருஷமும் இப்பிடித்தான் செய்தவனோ எண்டெல்லே கேப்பினம்."

கிளறிற்றா மணிக்கூட்டைப் பார்த்தாள். நல்ல பேரம். அவளாக இருந்தால் எடுத்திருப்பாளோ என்னவோ. ரங்கராஜன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏலாது," என்றாள் ஜெயகௌரி.

"பிள்ளை..."

"உங்கடை தலை நிமிர்ந்து நிக்க என்ரை தலை குனியவேணும் எண்டு பத்து நாள் நினைச்சியள். இப்ப வால்வின்ரை தலை குனியட்டாம். வால்வு பழுதில்லை அண்ணை. அது தன்ரை வேலையைச் செய்தது. நான் என்ரை வேலையைச் செய்தன். பழுதெண்டு எழுதினால் நாளைக்கு, ஏன் ஜெயகௌரி பழுதான வால்வைப் பூட்டினவ எண்டு கேப்பினம். கோயிலுக்கு என்ன சொல்லுறியளோ அது உங்களுக்கும் கோயிலுக்கும். கொம்பனிக்கு நடந்ததை எழுதுங்கோ. வால்வு சரி. பூ வேற அறையிலை இருந்தது. ரெண்டு வரி. எனக்கும் நீங்கள் ரெண்டு வரிதானே எழுதினனீங்கள்?"

"எழுதாட்டில்?"

"நாலு மணிக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன். கார்ட்டைப் பறிக்கட்டும். விசாரணை எண்டு ஒண்டு வரும்தானே? அங்கை இந்தக் கேஜும், நீங்கள் எழுதின தாளும், உங்கடை மகளின்ரை கேக்கும் வரும். எல்லாற்றை முன்னாலையும் சொல்லுவன். எனக்கு நேரமிருக்கு. வேலை இல்லாதவளுக்கு வேற என்ன இருக்கு?"

கம்பிரசர் ஒரு சுற்று முடிந்து நின்றது. குகநாதன் எழுந்தார். அலுவலகத்துக்குப் போய், தன் களஞ்சியத்தின் பெயர் போட்ட தாளை எடுத்து, இரண்டு வரி எழுதினார். மூன்றாவது வரியை அவராகவே சேர்த்தார்: தள்ளியது நான். கையெழுத்தும் வைத்தார். கிளறிற்றா தன் கைப்பேசியில் அதைப் படமெடுத்து ஜெயகௌரியின் மேனேஜருக்கு அனுப்பியபோது மூன்று ஐம்பத்திரண்டு.

"தெர்மோஸ்டாட்டை மாத்துங்கோ அண்ணை," என்றாள் ஜெயகௌரி. "ஆரைக் கொண்டாவது. என்னைக் கூப்பிடாதேங்கோ."

குகநாதனின் கடிதத்தை உறையில் போட்டாள். நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து, மூடியைத் திருகி, உறையின் மடிப்பிலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு கீறினாள். காயும்வரை ஊதினாள்.

"இனி ஆராவது திறந்தால்," என்று தொடங்கினாள் கிளறிற்றா.

"தெரியும்," என்றாள் ஜெயகௌரி.

பழைய கடிதம், அவள் பெயருக்கு மேலே வெற்றிடத்தோடு, மேசையில் கிடந்தது. அதை அவள் எடுக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை. நாலு மணி அடித்தபோது அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.